கவிழ்த்த சட்டி

நான் வேலை தேடிப் போன கிண்ணியா பஸ்ஸில், விற்காத தயிர்ச்சட்டியை மடியில் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த மச்சானிடம் சொன்னார்:

“கனடாவுல இருக்கிற ஆக்களுக்கெல்லாம் என்ட தயிர் புடிச்சிருக்கு மச்சான். டவுன்ல ஒரு ஆளும் வாங்கல்ல.”

“பேஸ்புக் விளம்பரத்த உலகம் முழுக்கப் போட்டா அப்பிடித்தான். டவுனுக்கு மட்டும் போடுங்க. படம் என்ன?”

“ரோசாப்பூ வெச்ச சட்டி.”

“பூவையா திங்கிற? சட்டியக் கவிழ்த்துக் காட்டுங்க. தயிர் விழாட்டித்தான் கெட்டின்னு நம்புவாங்க.”

“விழுந்தா? இந்த மாசமும் விக்காட்டி எருமையள வித்துரணும்.”

“உங்கட தயிர நீங்களே நம்பல்லையா?”

தயிர்க்காரர் மூடியிருந்த தாளைக் கழற்றி, சட்டியைத் தலைகீழாகப் பிடித்தார். மச்சான் போனை உயர்த்தினார். பக்கத்து வரிசைப் பெண் கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

தயிர் விழவில்லை.

அவள் கால்களை மெல்ல இறக்கினாள்.

“நானா,” என்று அவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள். “அந்தச் சட்டி விக்கிறதா?”