உள்வளைவைப் பார்த்தவர்

அக்கா, இந்த அகாலத்தில் எழுதி அனுப்புவதற்கு மன்னியுங்கள். குழந்தை இப்போதுதான் கண் அயர்ந்தாள். நாளைய கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. என் சார்பில் இதை நீங்களே மேடையில் படித்துவிடுங்கள்.

தலைமை ஏற்றிருக்கும் முதலாளி அவர்களே, சாரின் துணைவியார் அவர்களே, பட்டறைத் தோழர்களே!

நம் கோட்டிங் பிரிவின் தலைவர், நாம் ‘வெட்டு சார்’ என்று அழைத்தவர், இன்று நம்மிடையே இல்லை. வெட்டு சார்! இந்தப் பெயரைக் கேட்கும் வெளியாள் என்ன நினைப்பார்? ஆட்களின் வேலையைப் பறிப்பவர் என்றா? ஒருவரைக்கூட அனுப்பாதவர் அவர்! அவர் வெட்டியது இன்சர்ட்டை. அறுவை மருத்துவர் ஊசியைப் பிடிக்கும் கருவியின் வாயில் பதியும், நகத்துணுக்கு அளவுள்ள வளைந்த சில்லை.

நாமெல்லோரும் அந்தச் சில்லின் மேல் ஏற்றும் பூச்சின் கனத்தைத் தட்டையான மாதிரித் தகட்டில் அளந்தோம். சரியாக இருந்தால் டிக் போட்டோம். அவர் மட்டும் கேட்டார்: “தகட்டையா டாக்டர் கையில பிடிக்கப் போறார்?”

வளைவின் உட்புறத்தில் பூச்சு ஏறத் தயங்கும். மெலிந்த இடம் பின்னால் உரியும். அதைக் காண வேண்டுமானால் ஒன்றைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஒரே தடவையில் பூச்சேறி வரும் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை வெட்டினார். “இன்னைக்குத் தியாகி யாருப்பா?” என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார்.

கணக்குப் பிரிவு அண்ணன் ஒருமுறை பொறுக்காமல், “நல்ல பீஸா பாத்து வெட்டுறீங்களே சார், மனசே வராதா?” என்றார்.

“கெட்டதை வெட்டி என்னய்யா தெரிஞ்சுக்கப் போறேன்? அதுதான் கெட்டதுன்னு தெரியுமே!”

அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தார்.

நிறைமாதத்தில் உயர ஸ்டூலில் ஏற முடியாமல் நான் திண்டாடியபோது, மைக்ராஸ்கோப் மேசையின் கால்களை அறுத்துத் தாழ்த்திக் கொடுத்தார். “மேசையையும் வெட்டிட்டாரா மனுஷன்!” என்று நீங்கள்தானே அக்கா கேலி செய்தீர்கள்?

என் மகள் அண்ணத்தில் பிளவோடு பிறந்தாள். அடுத்த வாரம் தைக்கப் போகிறார்கள். அந்தக் கருவி எந்தப் பட்டறையில் செய்ததோ, தெரியாது. கேட்கவும் துணிவில்லை. அத்தனை சின்ன வாய்க்குள் பூச்சு பொடியாக உதிர்ந்தால்? ஊசி வழுக்கினால்? சார் வெட்டிய ஒவ்வொரு சில்லுக்கும் அப்பால், எங்கோ என்னைப் போல் ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். அவளை அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவளுக்காகத்தான் பார்த்தார்!

சார் படுக்கையில் விழுந்த அன்று கோட்டிங் முடிந்து வந்த லாட் இன்று மாலை அனுப்பப்படுகிறது என்று கேள்விப்பட்டேன். அதில் ஒன்றை யாராவது வெட்டினார்களா? அவருக்காக எழுந்து நின்று மௌனம் காத்த நாம், அதைப் பார்க்காமல் அனுப்பலாமா? விடுப்பு முடிந்து வந்ததும் அந்த வேலையை நான் ஏற்பேன். இது அவர் துணைவியார் முன் நான் தரும் வாக்கு. அதுவரை உங்களில் யார் ஏற்பீர்கள்?

அக்கா, லாட் வண்டியேறும் முன் ஒன்றை வெட்டிப் பாருங்கள். உள்வளைவு எப்படி இருக்கிறது என்று சீக்கிரம் எனக்குப் பதில் எழுதுங்கள்.