நிக்க வச்ச கல்லு

ரோடு இல்லாத காலம், ஜீப்பு சத்தம் கேக்காத காலம், மலையடிவாரத்துல கோணாம்பட்டின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊருல விருமாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க பாட்டனுக்கு அவ அத்தை முறை. உக்காருங்கய்யா, அவசரப்படாதீக. நம்ம கூட்டத்துல பின்னால வாற ஆளு இன்னும் வந்து சேரல. அதுவரைக்கும் இந்தப் பாறைய விட்டு எவனும் எந்திரிக்கக் கூடாது. ஏன்னு கேட்டீகள்ல, அதத்தான் சொல்றேன்.

அப்ப ஊருப் பொம்பளைக பூராம் மேல ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போவாகளாம். திங்கக்கிழமை விடியுமுன்ன ஏறுனா, பொழுது சாயத்தான் காடு போயிச் சேரலாம். ஒரு வாரத்து அரிசி பருப்பு அம்புட்டும் தலையில. வழியில எளப்பாற நாலே எடம்: புளியடி, ஊத்தடி, சொட்டப்பாறை, கடைசியா இந்த மெட்டுப்பாறை. வேற எங்கயும் நிக்கப்படாது. ஒத்தையில நின்னா ஆனை மிதிச்சுப் போட்டுட்டுப் போற காடு.

கூட்டிட்டுப் போறவன் கங்காணி மொக்கராசு. கையில ஒரு பிரம்பு, கக்கத்துல ஒரு குடை, அம்புட்டுத்தான் அவன் சொம. நோகாம நொங்கு திங்கிற சென்மம்! வீசுன கையோட முன்னால போயி உக்காந்துக்கிருவானாம். வெத்தல போடுவானாம். தண்ணி குடிப்பானாம். பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்து சொமய எறக்கி உக்காருவாகளாம். கடைசி ஆளோட தல தெரிஞ்ச ஒடனே பிரம்பால பாறையில ஒரு தட்டு. "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பு!"

நீங்களே யோசிங்க. மொத வந்தவளுக்கு நல்லா எளப்பாறல். நடுவுல வந்தவளுக்குப் பாதி. கடைசியா வந்தவளுக்கு? முடியாதவதான கடைசியா வருவா? அவளுக்கு ஒண்ணுமே இல்ல! அந்தப் படுபாவி மண்டையில இது ஏறவே இல்ல.

விருமாயிக்கு ஒரே தங்கச்சி, ஒச்சம்மா. ஆத்தா அப்பன் இல்லாத பிள்ளைக. ஒரு மாசி மாசம் ஒச்சம்மாவுக்குக் காட்டுக்காய்ச்சல். படுத்துக் கெடக்கக் கங்காணி விடல. "ஏறுடி"ன்னுட்டான். ஏறுனாக ஏறுனாக, புளியடி வந்துச்சாம். அக்காளும் தங்கச்சியும் கடைசி. தல தெரிஞ்சுச்சு, தட்டுனான், "கிளம்பு!" ஏறுனாக ஏறுனாக, ஊத்தடி வந்துச்சாம். தட்டுனான், "கிளம்பு!" சொட்டப்பாறையில விருமாயி கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

"கங்காணியாரே, ஒரு வெத்தல போடுற நேரம் இவள உக்கார விடுங்க."

"இம்புட்டு நேரம் உக்காந்துதான இருந்தோம்?"

"நீங்க உக்காந்தீக. இவ எங்க உக்காந்தா?"

"தனியா உக்காரணும்னா உக்காருங்க. கொம்பன் ஆனை வந்து தொணைக்கு இருப்பான்." சொல்லிட்டுச் சிரிச்சானாம்.

ஏறுனாக. இந்தா, இந்தப் பாறைக்கு வந்தாக. பிரம்பு தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஒச்சம்மா தலைச்சொமையோட பாறையில சாஞ்சா. சாஞ்சவ சாஞ்சவதான், உசுரு போயிருச்சு. அவன் என்ன சொன்னான் தெரியுமா? "அந்த மூட்டைய வேற ஆளு தூக்கு." மனுசன் பேசுற பேச்சா இது? எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

விருமாயி ஒரு சொட்டு அழுகலையாம். கெணத்துல போட்ட கல்லு மாதிரி ஒரு வருசம் இருந்தாளாம். ஆனா ஏலக்காட்டுல காய் பறிக்கிறப்போ ஒவ்வொருத்தி பக்கத்துலயும் போயி நிப்பாளாம். "நீ கடைசியா வந்ததே இல்லையாடி?"ன்னு கேப்பாளாம். கடைசியா வராத பொம்பள எவ இருக்கா? முப்பது பேரும் அவ பக்கம் வந்துட்டாக.

மறு மாசி வந்துச்சு. கோழி கூப்பிட்டு, கங்காணி வந்து பாத்தா அடிவாரத்துல ஒரு ஈ காக்கா இல்ல. முப்பது பேரும் அவனுக்கு முன்னாலயே ஏறிட்டாக! ஏறாம இருந்தா காட்டு மொதலாளிக்குப் பதில் சொல்லணும், ஏறுனா ஒத்தையில ஏறணும். ஆனை பயம் வேற. தொந்தியத் தூக்கிக்கிட்டு ஓடுனானாம். புளியடியில அவன் தல தெரிஞ்சுச்சு. விருமாயி ஒரு கம்பால பாறையில தட்டுனா.

"எல்லாரும் வந்தாச்சு, கிளம்பு!"

"ஏண்டி, யாரு ஒங்கள முன்னால போகச் சொன்னது? நில்லுங்கடி!"

எவளும் திரும்பிப் பாக்கல. ஏறுனாக ஏறுனாக, ஊத்தடி வந்துச்சு. தல தெரிஞ்சுச்சு, தட்டுனா, "கிளம்பு!" ஏறுனாக ஏறுனாக, சொட்டப்பாறையில அவன் கெஞ்சுனானாம்.

"ஆத்தா விருமாயி, நெஞ்ச அடைக்குது. ஒரு வெத்தல போடுற நேரம்."

"இம்புட்டு நேரம் உக்காந்துதான இருந்தோம், கங்காணியாரே?"

மெட்டுப்பாறைக்கு வந்தப்போ காலு ரெண்டும் வெடவெடங்குது, ஒதடு நீலம் பாஞ்சிருச்சு. பேச்சின்னு ஒரு பெரிய பொம்பளைக்கு மனசு கேக்கல.

"அடியே, தண்ணியாச்சும் குடுப்போம்டி. பாவம்டி."

விருமாயியே சொரக்குடுக்கைய எடுத்துக் குடுத்தாளாம். "குடிக்கட்டும். நின்னுக்கிட்டே குடிக்கட்டும்." அவன் உக்காரப் பாத்தான். கம்ப எடுத்துப் பாறையில தட்டுனா. "கிளம்பு." குடிச்சது பாதி, நெஞ்சுல வழிஞ்சது பாதி. பாறையில சாஞ்சான். போயிட்டான்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாக. அவனுக்குத் தெரிஞ்சப்போ நேரம் முடிஞ்சுபோச்சு. பாவம்னு சொல்றவுக சொல்லிக்கங்க. நான் சொல்ல மாட்டேன்.

பொணத்த அவன் சாதிசனம் வந்து எறக்கிட்டுப் போனாகளாம். முப்பது பொம்பளைகளும் சேந்து ஒரு நீளக் கல்ல இழுத்துட்டு வந்து, அவன் செத்த எடத்துல நட்டாக. அந்தா நிக்குது பாருங்க, ஆளு ஒசரத்துக்கு. "உக்கார ஆசப்பட்ட எடத்துல அவன் காலத்துக்கும் நிக்கட்டும்"னு விருமாயி சொன்னாளாம். அதுல சாயப்படாது, சொமய எறக்கி வைக்கப்படாது. அன்னையில இருந்துதான் இங்க இந்த வழக்கம். கடைசியா வாற ஆளு உக்காரணும், தண்ணி குடிக்கணும், அவுக வாயால "போலாம்"னு சொல்லணும். சொன்னாத்தான் மத்தவுக எந்திரிக்கலாம்.

மழைக்கு மண்ணு கரைஞ்சா கல்லு சாயும். அவன் உக்காரப் பாக்குறான்னு எங்க ஊருல சொல்லுவாக. போன ஐப்பசியில நல்லாவே சாஞ்சிருச்சு. கோயில் பூசாரி சொன்னாரு, "நூறு வருசத்துக்கு மேல நின்னுட்டான், போதும்யா, விட்ருங்க." விட்ருவோமா? நானும் என் சம்பந்தியும் கடப்பாரையோட ஏறி வந்தோம். நிமித்தி வச்சு, அடியில நாலு கல்ல அண்டக்குடுத்து, மண்ணப் போட்டு நல்லா மிதிச்சுட்டுத்தான் எறங்குனோம்.