ட்ருவெனோவுக்கு வைத்த தேசிக்காய்

எனக்குச் சீராக எழுத வராது, பாதி மறந்தும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதுகளின் கடைசியில் ஒருநாள், சுவிஸ் நாட்டுப் பாசல் நகர ட்ராமில் எனக்கு முன்னால் யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் இருவர் இருந்தார்கள்.

"காசு குடுக்க முதலே அந்த ட்ருவெனோக் காரின்ர சில்லுக்குக் கீழ தேசிக்காய் வச்சிட்டன், மச்சான்," என்றான் மெலிந்தவன். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சை வைத்து நசுக்குவது எங்கள் வழக்கம்.

"விசரா! கடைக்காரன் புது மொடலெண்டு சொல்லி விக்கிறான். ஜப்பானில எண்பத்தஞ்சிலயே பின் லைட்டை மாத்திப்போட்டாங்கள். உன்ரயில பழைய லைட்," என்றான் தாடிக்காரன்.

"உசத்தி மொடல், அபெக்ஸ் எண்டு எழுதிக் கிடக்கே?"

"ஒட்டினதடா. கதவுக் கண்ணாடியைக் கையாலதானே சுத்தி இறக்கிறாய்? அது மலிவு மொடல், ஜி.டி.வி. வேண்டாம், விடு."

"தேசிக்காய் வச்சதை எப்பிடி விடுறது?"

ஒரு விளக்கை வைத்துக் காரின் வயதைச் சொல்கிறானே என்று நான் வாய்பிளந்திருந்தேன்.

ட்ராம் நின்றது. எதிரே கார் விற்கும் முற்றத்தில் ஒரு சிவப்புக் காரை மெலிந்தவன், "அதுதான்," என்று காட்டினான்; யாரோ அதை முடுக்கி விளக்கைப் போட்டார்கள். மூடிக்கிடந்த முன்விளக்குகள் இரண்டும் மெல்ல எழும்பி எங்களைப் பார்த்தன. ட்ராமே வெளிச்சமானது போலிருந்தது.

தாடிக்காரன் ட்ராம் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டான்.

"எத்தினை சில்லுக்கு வச்சனீ?"

"ஒண்டுக்குத்தான். ஒரு தேசிக்காய்தான் கிடந்தது."

"இறங்கடா. மற்ற மூண்டுக்கும் வாங்குவம்."

லைட் மாறிய ஆண்டு எனக்குப் பிழைத்திருக்கலாம். கார் தெரிந்தவர்கள் ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கள்.