ஓடெத் ஜியோனே சொன்ன புதன்கிழமைப் பொய்கள்

துவண்ட கைகளைத் துளிர்க்கச் செய்தவரே, தொங்கிய பாதங்களைத் தூக்கி நடக்க வைத்தவரே, கடலும் சதுப்பும் காயப்படுத்தி அனுப்பிய எங்கள் கரை மக்களின் கை கால்களுக்கெல்லாம் காவலாய் நின்ற டாக்டர் ஓடெத் ஜியோனே அவர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

ஓய்வுபெறுகிறவரை வழியனுப்பும் விழா மடலை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்றார்கள், தொடங்கிவிட்டோம். கைவசம் அடைமொழிகள் இன்னும் நிறைய உண்டு. ஆனால் மூன்று அடைமொழிக்கு மேல் போனால் நீங்கள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். அதைவிட முக்கியமானது, எங்களுக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. கோபத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெறும் புகழ்ச்சியை வாசித்தால் இந்த மடலும் ஒரு பொய்யாகிவிடும். நம் மருத்துவமனை பொய்யை ஏற்கனவே போதுமான அளவு பார்த்துவிட்டது.

முதலில் புகழ்ச்சி. கழுத்தில் கிளம்பித் தோளுக்கடியில் பின்னிப் பிரிந்து விரல்நுனி வரை போகும் நரம்புகளும், இடுப்பில் கிளம்பிக் கால் கட்டைவிரல் வரை இறங்கும் நரம்புகளும் எங்கே வளைகின்றன, எந்த எலும்பின்மேல் பாதுகாப்பில்லாமல் கிடக்கின்றன, எந்த இடுக்கில் நெரிபடுகின்றன என்பதெல்லாம் உங்களுக்குச் சொந்தத் தெருவைப் போலத் தெரியும். நண்டு ஆலையில் ஓடு உடைத்து உடைத்து மணிக்கட்டு நரம்பு நெரிந்து, காபிக் கோப்பையைக்கூடப் பிடிக்க முடியாமல் வந்த பெண்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் நாள்முழுக்கக் குந்தியிருந்து, முழங்காலின் வெளிப்பக்க நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் இழுத்துக்கொண்டு வந்த அல்பான் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்று அவர் படியேறித்தான் வந்தார். கல்யாண வீட்டில் குடித்துவிட்டு, நாற்காலி முதுகின்மேல் கையைப் போட்டுத் தூங்கி, காலையில் மணிக்கட்டு தொங்கிப்போய் அழுதுகொண்டு வந்த ஒருவரும் இங்கே உண்டு. அவர் பெயரைச் சொல்ல மாட்டோம். நீங்கள் அவரிடம் சொன்னதை மட்டும் சொல்கிறோம்: "அழாதீங்க, கை தானா வந்துடும். போய் அந்த நாற்காலிகிட்ட மன்னிப்பு கேளுங்க. அடுத்த தடவை கட்டில்ல படுங்க."

அறுந்த நரம்பு அப்படித் தானாக வருவதில்லை. தைத்த இடத்திலிருந்து அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிது. அது வந்து சேரும்வரை தசை காத்திருக்கும். ஆனால் ஒன்றரை வருடத்துக்கு மேல் காத்திருக்காது, வற்றிப்போகும். நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கத்தான் நமது புதன்கிழமை. விரலால் கையோரமாகத் தட்டிக்கொண்டே போவீர்கள். எந்த இடத்தில் சுரீரென்று மின்சாரம் அடிக்கிறதோ அங்கே ஊதா மையில் ஒரு கோடு போடுவீர்கள். தட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது, தட்டுப்படுகிறவர் வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. அதனால்தான் உங்களைக் குளிர்விக்க நினைத்த நோயாளிகளிடம் அவ்வளவு கடுமையாக இருந்தீர்கள். "என்னைச் சந்தோஷப்படுத்த வேணாம். சுரீர்ங்குதா, இல்லையா, அதை மட்டும் சொல்லு. பொய் சொன்னா எனக்கு ஒண்ணும் போகாது, கை உன்னோடது" என்பீர்கள்.

போன வருடம் ஜனவரியில், பனி உறைந்த வாசலில் விறகோடு வழுக்கிக் கண்ணாடிக் கதவின்மேல் விழுந்தீர்கள். வலது முழங்கைக்கு மேலே உள்பக்கம் கிழிந்தது. முழங்கையை மேஜை விளிம்பில் இடித்தால் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு. ஆம்புலன்ஸில் வந்த பெண் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, நீங்கள் சுண்டுவிரலைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "போச்சும்மா, சுத்தமா அறுந்துடுச்சு" என்று வேறு யாருடைய கையையோ பற்றிச் சொல்வது போலச் சொன்னீர்களாம். விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் வைக்கும் நரம்பு அது. அது இல்லாமல் நுண்ணிய ஊசியைப் பிடிக்க முடியாது என்பது உங்களுக்கு அந்த வண்டியிலேயே தெரியும்.

உங்களைத் தவிர இந்தக் கரையில் நரம்பு தைக்கத் தெரிந்தவர் டாக்டர் ரெஜான் ஷியாசன் ஒருவர்தான். உங்கள் கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கையின் இடைவெளியில் வைத்துத் தைத்தார். வெளியே வந்தவர் முகமூடியைக் கழற்றிக்கூடப் போடாமல் சுவரில் சாய்ந்து நின்றார். "இந்தக் கை வரலைன்னா நான் இனிமே யார் உடம்பையும் தொறக்க மாட்டேன். நண்டுப் படகுல வேலை கேட்டுப் போயிடுவேன்" என்றார். "போங்க டாக்டர், உங்களைப் படகுல யார் ஏத்துவா" என்று யாரோ கிண்டல் செய்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் மயக்கம் தெளிந்துகொண்டிருந்தீர்கள், கேட்டிருக்காது என்று நினைத்தோம்.

அதன்பின் புதன்கிழமைதோறும் உங்கள் கையை ஜாசிந்த் தட்டினாள். கைப்பயிற்சிப் பிரிவில் அவள்தான் மூத்தவள். முழங்கையைக் கோடு தாண்டிய வாரம் கேக் வெட்டினோம். இலையுதிர் காலத்தில் முன்கையின் நடுவில் இருந்தீர்கள். பனிக்காலம் முழுக்க மணிக்கட்டை நோக்கி வந்தீர்கள். ஜாசிந்த் தட்டுவாள், "இங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ, ஆங், அங்கதான்" என்பீர்கள், கோடு நகரும். ரெஜான் கதவோரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போவார். அந்தப் பனிக்காலத்தில் அவர் தைத்த கைகள் எல்லாம் உயிர் பெற்றன. மின்சோதனை செய்துவிடலாமே என்று கேட்டபோதெல்லாம், ஊசி குத்துவதற்கு இப்போது என்ன அவசரம் என்று தட்டிக்கழித்தீர்கள்.

ஏப்ரலில் ரெஜான் கேட்கவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள தசையில் ஊசி இறங்கியது. நரம்பு வந்து சேர்ந்த தசையை அசைக்க முயன்றால் கருவி படபடவென்று பேசும். அது பேசவில்லை.

"மணிக்கட்டைத் தாண்டி வந்துடுச்சுன்னியே" என்றார் ரெஜான்.

"வரல. முழங்கைக்குக் கீழ நாலு விரல் தள்ளி நின்னுடுச்சு. போன ஆகஸ்ட்லயே."

"அப்பவே சொல்லியிருந்தா முன்கையில இருக்கிற வேற நரம்போட கிளை ஒண்ணைத் திருப்பி விட்டுப் பார்த்திருப்பேனே ஓடெத். அப்போ நேரம் இருந்துச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்?"

"அதுவும் வராம போயிருந்தா நீ படகுக்குப் போயிருப்பே. இந்த ஜனங்க கையைத் தூக்கிக்கிட்டு எங்க போவாங்க? ஒரு கைதானே, ரெஜான். போகட்டும் விடு."

ஜாசிந்த் ஊதாப் பேனாவைக் குப்பைத் தொட்டியில் எறிந்தாள். "நரம்பு வராத இடத்துல என்னைக் கோடு போட வெச்சீங்க" என்றாள். எங்கள் கோபம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. அந்தக் கையை நாங்கள் நேசித்தோம். அதற்காக வேண்டிக்கொண்டோம், கேக் வெட்டினோம். நீங்களோ அது செத்துக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். தனியாக அழுதிருப்பீர்கள். எங்களோடு அழ விடவில்லையே என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

பொய் யாருக்காகச் சொல்லப்பட்டதோ அவரே மறுநாளிலிருந்து அறுவை அறைக்குள் போகவில்லை. காயம்பட்டவர்களை மாங்க்டன் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். நீங்கள் கோழிக் குழம்புப் பாத்திரத்தை இடதுகையில் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனதும், கதவு திறக்காததால் படியில் வைத்துவிட்டுத் திரும்பியதும் ஊருக்கே தெரியும். கையையும் கொடுத்து, எதற்காகக் கொடுத்தீர்களோ அதையும் இழந்தவராக உங்களை வழியனுப்ப வேண்டியிருக்கிறதே என்று குமைந்துதான் இந்த மடலை எழுதி முடித்திருந்தோம்.

இன்று காலை மடலின் முடிவைத் திருத்த வேண்டியதாயிற்று, அதனால்தான் இது சட்டமிடப்படாமல் வெறும் தாளாக இருக்கிறது. துறைமுகத்தில் நண்டுக்கூண்டு இழுக்கும் கயிறு ஒரு பெண்ணின் கையை முறுக்கிக் கிழித்துவிட்டது. மாங்க்டனுக்கு வண்டி தயாராக இருந்தது. ரெஜான் வாசலில் நின்று அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், வண்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு, அறுவை உடை மாற்றப் போனார். விழாவைத் தள்ளிவைக்கலாமா என்று ஜாசிந்த் கேட்டாள்.

"வேணாம், ஆரம்பிச்சுடுங்க. இதுக்கு நேரமாகும்" என்றார். கதவருகே போய்த் திரும்பினார். "ஓடெத்கிட்ட சொல்லு, எனக்குக் கோபம் இன்னும் தீரலை. ஆனா கை நடுங்கலைன்னும் சொல்லு."

சொல்லிவிட்டோம். நோய் தீண்டாமல், தனிமை தீண்டாமல், பல்லாண்டு எங்கள் நடுவிலேயே வாழுங்கள். புதன்கிழமைகளில் வாருங்கள், காபி குடிக்க மட்டும். இனி எங்கேனும் வலித்தால் வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

தங்கள்மேல் தீராத அன்பும் ஆறாத வருத்தமும் கொண்ட
மருத்துவமனை ஊழியர்கள்

(ஜாசிந்தின் பெயருக்குக் கீழே ஓரிடம் காலியாக இருக்கிறது. அது டாக்டர் ரெஜான் ஷியாசனுக்கு. அவர் உள்ளே தைத்துக்கொண்டிருக்கிறார், வந்து கையெழுத்திடுவார்.)