பன்னீர் சோடா பிடித்த கை

வெயிலில் வந்தவனுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது கொடுப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதைக் குற்றம் என்றால் நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

எங்கள் கல்லூரிக் கேரம் அணியில் நான் மாற்று ஆட்டக்காரன். அதாவது, பலகையில் பவுடர் தூவுபவன். மாலையில் மயிலாப்பூரில் ஒரு நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மணிக்கட்டில் லேசாக மின்சாரம் கொடுத்து, அது நரம்பு வழியே விரலுக்கு எத்தனை வேகமாகப் போகிறது என்று அளப்போம்.

அணியின் முதல் ஆட்டக்காரன் ரெஹான், சைதாப்பேட்டைக்காரன். அவன் தட்டினால் காய்கள் சொந்த வீட்டுக்குப் போவதுபோலக் குழிக்குள் போகும். நான் தட்டினால் ஸ்ட்ரைக்கர் மட்டும் போகும். மாநிலப் போட்டியில் ஜெயித்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவனுக்கு வேலை. அவன் அம்மா சகினா தையல் மெஷினை மூடிவைக்கலாம்.

கோடையில் ஒருநாள், விரல் மரத்துப்போகிறது என்று என்னிடமே வந்தான்.

"இன்னா மச்சி, கரண்ட் வெச்சிக் கொன்னுடுவியா?"

"அதுக்கு இன்னும் சர்டிபிகேட் வரல."

குளிர்ந்த கையில் நரம்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் வெந்நீர்ப் பை வைத்துக் கையைச் சூடாக்கிய பிறகே சோதிக்க வேண்டும். முதல் வாரப் பாடம். நான் ஐஸ் பெட்டியில் கிடந்த பன்னீர் சோடா வாங்கி வந்தேன்.

"மணிக்கட்டுல வெச்சிக்கோ, ஜில்லுனு இருக்கும். மெதுவா குடி."

தீர்ந்ததும் இன்னொன்று கொடுத்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு அளந்தேன். மின்சாரம் ரேஷன் கடை வரிசைபோல நகர்ந்தது.

டாக்டர் வெங்கடரமணன் முடிவைப் பார்த்து, "கையச் சூடு பண்ணிட்டுத்தானே எடுத்தே?" என்றார்.

"ஆமா சார்." நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக முடிவாகி, அறுவை சிகிச்சையும் நடந்தது. தேவையில்லாமல் அறுத்த அந்தக் கையில் ஆள்காட்டி விரல் இன்னும் மடங்குவதில்லை.

அவன் இடத்தில் நான் போட்டிக்குப் போனேன். முதல் சுற்றிலேயே வேலூர் மளிகைக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பூஜ்யத்துக்கு அடித்துவிட்டு, "வேற ஏதாச்சும் விளையாடுவியா தம்பி?" என்று அக்கறையாகக் கேட்டார்.

ரெஹான் சும்மா இருக்கவில்லை. இடது கையால் பழகினான். நேற்று அந்தக் கையாலேயே என்னைத் தோற்கடித்தான். அடுத்த அணித் தேர்வுக்கு வருகிறானாம்.

"இந்தக் கையும் லைட்டா மரத்துப் போற மாதிரி கீது மச்சி. எதுக்கும் நீயே பாத்துடு. வேற எவனையும் நம்ப மாட்டேன்."

நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நண்பனுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நானெல்லாம் என்ன மனிதன்.