அடிவாரம் வரை

இந்த நாற்காலியின் ஒரு கால் கட்டையாக இருக்கிறது. அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். நான் பேசும்போது அசைந்தால் தடுமாறுகிறேன் என்று எண்ண வேண்டாம், ஐயா. நாற்காலிதான் அசைகிறது.

முதலில் ஒரு வேண்டுகோள். நீங்கள் பிடித்து வைத்திருக்கும் லாரி டிரைவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பனிமூட்டத்தில், வளைவு திரும்பிய உடனே நிற்கிற வண்டியை எவராலும் பார்த்திருக்க முடியாது. அது ஏன் அங்கே நின்றது என்பதுதான் கேள்வி. வண்டி ஏன் நிற்கிறது என்று சொல்வது என் தொழில்.

அந்தப் பழைய எஸ்.யூ.வி.யை என் மகள் என்னைக் கேட்காமலே வாங்கிவிட்டாள். அவள் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் பெரிய லேப் ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. பஸ் போகிற ஊர்தான். எதற்குப் பெரிய வண்டி என்று கேட்டேன். மெத்தை, அடுப்பு, புத்தக அலமாரி எல்லாம் ஏற்ற வேண்டாமா, ஒரு குடித்தனத்தையே கொண்டுபோக வேண்டுமே என்றாள். குடித்தனம் என்றாள். அதுவரை அவள் வேலைக்குப் போகிறாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“என்னப்பா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? வண்டி பிடிக்கலையா?”

“பழைய வண்டி பாப்பா. யார் யார் எப்படி ஓட்டினாங்களோ.”

“அதான் நீங்க இருக்கீங்களே.”

இருந்தேன். அவள் அம்மா போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

முதல் தடவை வண்டி தானாகத்தான் நின்றது. அதில் என் கை இல்லை. மலை ஏறுவதற்கு முன்னால், அடிவாரத்தில், லாரிகள் இளைப்பாறுகிற பெரிய மைதானம் இருக்கிறதே, அங்கே. போன் செய்தாள்.

“அப்பா, செத்துப்போச்சு.”

“யாரு?”

“வண்டிப்பா. பதறாதீங்க.”

கட்டி இழுத்து வந்தேன். சாவியைப் பாதி திருப்பினால் பின்சீட்டுக்கு அடியில் ஒரு ரீங்காரம் கேட்கும். ஃபியூவல் பம்ப் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளத் தயாராகிற சத்தம் அது. இந்த வண்டியில் அது தூக்கத்தில் முனகுவதைப்போல இழுத்தது. பிரஷர் கேஜை மாட்டி ஓடவிட்டேன். ஆறியிருக்கும்வரை முள் சரியாக நின்றது. சூடேற ஏற, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. பம்ப் மோட்டார் தேய்ந்துபோயிருந்தது, வேறொன்றும் இல்லை. சூட்டில் மயங்கும், ஆறினால் எழும். அவள் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் கண்டுபிடித்துவிட்டேன்.

“என்னப்பா கோளாறு?”

“பார்க்கணும்மா,” என்றேன்.

புதுப் பம்ப் வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தது. அது வருகிறவரை நான் ரிலேயை மாற்றினேன். ஃபில்டரை மாற்றினேன். நன்றாக இருந்த வயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் திரும்பச் சேர்த்தேன். அவள் பழைய டயர் மேல் உட்கார்ந்து எனக்கு டார்ச் பிடித்தாள். சின்ன வயதில் பிடித்த மாதிரியே. வெளிச்சத்தை எங்கே காட்ட வேண்டும் என்று அப்போதும் சொல்லித்தர வேண்டியதில்லை, இப்போதும் வேண்டியிருக்கவில்லை. பேசாமல் இருப்போம். எங்கள் வீட்டில் பேச்சு குறைவு. அந்த மௌனத்துக்குள் இரண்டு பேர் இருந்தார்கள் என்பதுதான் விஷயம். ஒருவர் மட்டும் இருக்கும் மௌனம் வேறு மாதிரி. நீங்கள் தனியாக இருந்து பார்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை.

அவள் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். டேங்க்கைக் காலியாக ஓட்டாதே, பம்ப் பெட்ரோலுக்குள் மூழ்கித்தான் இருக்கும், பெட்ரோல்தான் அதைக் குளிர வைக்கும், குறைந்தால் சூடேறிவிடும் என்றேன். வழியில் நின்றுவிட்டால் வண்டிக்கு அடியில் போய் டேங்க்கை ரப்பர் சுத்தியால் லேசாகத் தட்டு, மயங்கின மோட்டார் எழுந்துகொள்ளும் என்றேன்.

“அடிச்சாத்தான் எந்திரிக்குமா? அப்ப இது நம்ம ட்யூப் மாமாதான்.”

பக்கத்து பஞ்சர் கடைக்காரரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். மத்தியானம் ஆனால் அந்த ஆள் டயர்களுக்கு நடுவே படுத்துவிடுவார்.

“காதுல விழுது பாப்பா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “மாமன் கண்ணு மூடியிருப்பேன், காது திறந்துதான் இருக்கும்.”

அவள் சிரித்ததில் டார்ச் வெளிச்சம் கூரையெல்லாம் ஓடியது.

புதுப் பம்ப் வந்தது. மாட்டினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். சுத்தமான சத்தம், தேனீ மாதிரி. உள்ளே அவள் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றுகிற சலசலப்பு கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பிறகு புதியதைக் கழற்றிவிட்டுப் பழையதை மாட்டினேன்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஐயா. பிரேக்கில் கை வைக்கவில்லை. ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அந்தப் பழைய பம்ப் ஊருக்குள் நன்றாகவே ஓடும். கடைக்குப் போகலாம், லேபுக்குப் போகலாம், சிநேகிதி வீட்டுக்குப் போகலாம். தூரம் போனால்தான் மயங்கும். எவ்வளவு தூரம் என்று நானே ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் குறைவாக இருந்தால் சரியாக அடிவாரம் வரை வரும். அங்கே டீக்கடை இருக்கிறது, ஆள் நடமாட்டம் இருக்கிறது, ஒரு பெண் தனியாக நிற்கப் பயப்பட வேண்டாத இடம். எங்கேயாவது நிற்கும்படி வண்டியைக் கெடுக்க எவனாலும் முடியும். இந்த இடத்தில் நிற்கும்படி செய்ய அக்கறை வேண்டும்.

அதன்படியே அங்கே நின்றது. போன் வந்தது. போனேன். திரும்பி வரும்போது, கட்டி இழுத்த வண்டியில் பஞ்சர் கடைக்காரர் ஸ்டியரிங் பிடித்து வந்தார், அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். சொன்ன நாளில் வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக லேபில் சொல்லிவிட்டார்களாம். அழுத களைப்பில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பெரியவளான பிறகு அவள் என் தோளில் தூங்கியது அன்றைக்குத்தான். எழுந்துவிடக் கூடாது என்று மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஞ்சர் கடைக்காரர் மட்டும் விடவில்லை. “ஊர்ல உள்ள வண்டியெல்லாம் உன் கை பட்டா ஓடுது, சொந்தப் பொண்ணு வண்டி மட்டும் படுத்துக்குது. எனக்கே மானம் போகுதுய்யா,” என்றார். அவர் மச்சான் கடையில் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்ப்பார்களாம், ஒரு தடவை அங்கே காட்டேன் என்று மகளிடம் சொன்னார்.

“எங்க அப்பா பார்த்த வண்டியை இன்னொருத்தர்கிட்ட காட்டறதா? நல்லா இருக்கே மாமா கதை,” என்றாள் அவள்.

நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். புதுப் பம்ப் பெட்டியோடு அலமாரியில், ஆயில் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கு அதை எடுத்து மாட்டியிருக்கலாம். எடுக்கத்தான் செய்தேன். தூசி தட்டித் திரும்ப வைத்துவிட்டேன்.

அந்த வேலை கைவிட்டுப் போனது. அவள் பழைய லேபுக்கே போய் வந்தாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவள் தட்டில் பாதி அப்படியே இருக்கும். அறைக் கதவு சாத்தியே இருக்கும். ஆனாலும் உள்ளே இருந்தாள். எனக்கு அது போதும். காலப்போக்கில் அவளுக்கும் போதுமென்று ஆகிவிடும் என்று நம்பினேன்.

பிறகு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி கூப்பிட்டார்கள். அங்கே போனவருக்கு வேலை ஒத்துவரவில்லையாம். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரே மூச்சில் பெட்டி கட்டினாள். வண்டியில் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு என் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா, உண்மையச் சொல்லுங்க. இந்தத் தடவை போயிடுமா?”

“போயிடும்மா.”

“நீங்க சொன்னா சரி.” என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். “வாயத் திறங்க, பார்ப்போம். ஆங்… கடைவாய்ல ஒண்ணு ஆடுது. விழுந்தா வேற எங்கயும் போகக் கூடாது, என் லேபுக்குத்தான் வரணும். சொல்லிட்டேன்.”

வாயைத் திறந்துகொண்டு நின்றேன். வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது என்றுதான் இப்போது வைத்துக்கொள்கிறேன்.

விடியற்காலையில் கிளம்பினாள். அவள் தெருமுனை திரும்பியதும் நான் அவள் அறையைப் பெருக்கி, படுக்கை விரித்து, போர்வையை மடித்து வைத்தேன். இழுக்கிற கயிற்றை எடுத்து என் வண்டியில் போட்டேன். கடை வாசலில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிவாரத்தை அடைந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. போன் அடிக்கவில்லை. டீக்கடையில் யாரோடாவது பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. அவள் ஊர் எல்லையில் டேங்க்கை வழிய வழிய நிரப்பியிருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததுதான். குளிர்ந்த பெட்ரோலில் மூழ்கிக்கிடந்த அந்தப் பம்ப் அடிவாரத்தைத் தாண்டிவிட்டது. தேய்ந்த மோட்டாரோடு பாதி மலை ஏறிவிட்டது. அந்த வளைவில்தான் அதற்கு மூச்சு நின்றது.

அவள் என்ன செய்திருப்பாள் என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சாவியைத் திருப்பிக் காது கொடுத்திருப்பாள். சத்தம் இல்லை. சுத்தியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போயிருக்கிறாள். உங்கள் மேசைமேல் இருக்கிறதே, கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியது, அது என்னுடையது. டேப் சுற்றியதும் நான்தான், அவள் கைக்கு வழுக்கக் கூடாதென்று. லாரி வந்து இடித்தபோது அவள் டேங்க்கைத் தட்டிக்கொண்டிருந்தாள். லேசாகத் தட்டியிருப்பாள். அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

வண்டி உங்கள் வளாகத்தில் நிற்கிறது. பின்சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தால் பழைய பம்ப் இருக்கும். புதியது என் அலமாரியில் இருக்கிறது. தெரிந்தே செய்தேன். ஒரு தடவை இல்லை, அவள் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் தெரிந்தே பொய் சொன்னேன். என் மகள் சாவுக்குக் காரணம் நான்தான். லாரிக்காரர் இல்லை.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்த ஒரு வார்த்தையை மட்டும் திருத்திவிடுங்கள். ‘வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தபோது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது’ என்று இருக்க வேண்டும். வண்டியின் முகம் மலை ஏறுகிற பக்கம் பார்த்திருந்ததாகப் படத்தைக் காட்டுகிறீர்கள். அவ்வளவு பெரிய லாரி இடித்தால் எந்த வண்டியும் திரும்பத்தான் செய்யும். நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பாதி மலை ஏறினவளுக்கு அப்பா தனியாக இருப்பது நினைவுக்கு வந்திருக்கும். வளைவில் திருப்பியிருப்பாள். போன் செய்யவில்லையே என்கிறீர்கள்.

வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிற பிள்ளை எதற்கு ஐயா போன் செய்யப் போகிறாள்?