பன்னிரண்டு டப்பா

— ரெண்டு நிமிஷம் இருங்க இன்பமேரி. தேயிலைக் கொழுந்தெடுக்க அப்புறம் போலாம். கங்காணிகிட்ட நானே சொல்லிட்டனுங்க.

— பிள்ளைய அடக்கம் பண்ணி ஒம்பது நாளாச்சு டாக்டரய்யா. இன்னும் என்ன கேக்கப் போறீக?

— கேக்க வரலீங்க. சொல்ல வந்தேன். இந்த லயத்து வீடுகள்ல வயித்தால போன பன்னெண்டு பிள்ளைங்களுக்கும் ஊசி போட்டு, ஆளுக்கொரு டப்பாவுல பொடி குடுத்தனுப்பிச்சேனில்லீங்களா?

— காலையில ஒரு கரண்டி, சாயந்தரம் ஒரு கரண்டி. டப்பா மேல பேரில்ல, நம்பர்தான்.

— அதுல ஆறுலதான் மருந்து. ஊசி போட்டா கெட்ட கிருமியோட வயித்துல இருக்குற நல்ல கிருமியும் செத்துப் போகுதுங்க. அதுக்காவத் தயிர்ல இருக்குற கிருமியக் காயவெச்சுப் பால்பொடியில கலந்தது. வெளிநாட்டுலயும் இப்ப இதைத்தான் ஆராய்ச்சி பண்றாங்க. மீதி ஆறும் வெறும் பால்பொடி.

— வெறும் பொடிய எதுக்கய்யா குடுக்கணும்?

— ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கோணுமுங்க. எது எதுன்னு எனக்கே தெரியாது. பட்டியல் மதராசுல இருந்துச்சு. நேத்துத்தான் தேவிகுளத்துக்குத் தபால்ல வந்துச்சு. உங்க கத்தரீனாளுக்குப் போனது மருந்துங்க. வெறும் பொடியக் குடுத்துப் பிள்ளையச் சாகவிட்டுட்டான்னு நீங்க நெனச்சுரக் கூடாது.

— நான் அப்பிடி நெனைக்கல. பாலக்காட்டுலருந்து வந்து, எங்க பிள்ளைகளத் தொட்டுப் பாத்த டாக்டரு நீங்க ஒருத்தருதான்.

— ஆனா மருந்து தின்ன ஆறுக்கும், பொடி தின்ன ஆறுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க. உங்க பிள்ளை தவிர எல்லாத்துக்கும் நாலஞ்சு நாள்ல நின்னுருக்குது. எழுபத்தஞ்சாம் வருஷ மழைக்கால ஆராய்ச்சி, பிரயோசனமில்லைன்னு எழுதி முடிச்சுரலாம்னு இருக்கேன்.

— அப்பிடி எழுதாதீக ஐயா.

— ஏனுங்க?

— பொய்யாப் போயிரும். நீங்க சொன்ன மாதிரி நாங்க குடுக்கல. மொத நாளே நாக்குல வச்சுப் பாத்தோம். சிலது புளிச்சுச்சு, சிலது சப்புன்னு கெடந்துச்சு. புளிக்கிறதுதான் மருந்துன்னு புரிஞ்சுபோச்சு. சூசையப்பன் மவன் கண்ணு சொருகிக் கெடந்தான். அவன் டப்பா சப்புன்னு இருந்துச்சு. பன்னெண்டையும் ஒரே சட்டியில கொட்டிக் கலந்து, சமமாப் பங்கு வச்சோம்.

— ஆரு சொல்லி?

— நாந்தான் சொன்னேன்.

— அவ டப்பாவ முழுசா அவளுக்கே குடுத்திருந்தாலும் பொழைச்சிருப்பாள்னு என்னால சொல்ல முடியாதுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. உங்களுக்கு வந்தது எதுன்னு தெரியாமத்தானே செஞ்சீங்க.

— தெரியும் ஐயா. எம் மவ டப்பாதான் மொதல்ல புளிச்சுச்சு. சட்டியில மொதல்ல கொட்டுனதும் அதைத்தான்.